விதைப்பு நாளிலும் இளைப்பாறுதல்



கால்நடை மருத்துவம் படிக்க வாஞ்சிக்கிற நம் பெருமுக்கல் பக்கத்துப் பிள்ளைகள் ராத்திரி முழுக்கக் கண்விழிக்கிறார்கள். பிளஸ் டூவில் உயிரியல், இயற்பியல், வேதியியல் மார்க்கை வைத்துத்தான் நம் மாநிலத்தில் பெரும்பாலான இடங்கள். அரை மார்க்கிலும் இடம் போய்விடும். கிடைத்தாலோ ஐந்தரை வருஷப் படிப்பு. ஆகையால் தூக்கமே குற்றம்போல ஆகிவிட்டது.

ஆனால் யாத்திராகமம் 34:21ஐ வாசியுங்கள். விதைப்பும் அறுப்பும் நெருக்குகிற காலத்தையே குறிப்பிட்டு, அப்போதும் ஓய்ந்திரு என்கிறார் தேவன். 23:12ல் மாடும் கழுதையும்கூட இளைப்பாற வேண்டும் என்கிறார். மாட்டுக்கு வைத்தியம் பார்க்கப்போகிற தம்பி, தங்கச்சி, மாட்டுக்குக் கொடுத்ததை உனக்குக் கொடுக்கமாட்டாரா? வெயில் ஏறினால் ஏரை அவிழ்த்துவிடணும்னு நம்ம ஊர் பெரியவங்களுக்குத் தெரியாதா!

சாகவேண்டுமென்று சூரைச்செடியின்கீழ் படுத்த எலியாவுக்குத் தூதன் பிரசங்கம் பண்ணவில்லை (1 இராஜாக்கள் 19). தட்டி எழுப்பி அடையும் தண்ணீரும் காட்டினான். எலியா சாப்பிட்டு மறுபடி படுத்தான். மறுபடி எழுப்பி மறுபடி சாப்பாடு. அப்புறந்தான் ஓரேபுக்கு 40 நாள் நடை.

பெற்றோரே, பரீட்சைக்கு முந்தின நாள் முழு இரவு ஜெபம் வந்தால் பிள்ளையை அழைத்து வராதீங்க. நாம் முழங்காலில் நிற்போம். பிள்ளை வீட்டில் தூங்கட்டும்.