உடலில் காரணம் தென்படாத உளப்பிறழ்வு: இளம் மாணவருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாணவருக்கு,

இரத்தப் பரிசோதனையிலும் மூளையின் எம்.ஆர்.ஐ. படத்திலும் குறை எதுவும் தென்படாதபோது, நோயாளியின் மனநோய்க்கு உடல்சார்ந்த காரணம் இல்லை என்று மருத்துவர் சொல்வதுண்டு. அதைக் கேட்கும் குடும்பத்தினரில் சிலர் நோயே இல்லை என்றும், சிலர் அது செய்வினை என்றும், வேறு சிலர் நோயாளி நடிக்கிறார் என்றும் முடிவுகட்டிவிடுகின்றனர். இம்மூன்றும் ஏன் தவறு என்பதை விளக்கவே இக்கடிதம் எழுதப்படுகிறது.

உளப்பிறழ்வு எனத் தமிழில் வழங்கும் சைக்கோசிஸ், தனியொரு நோயின் பெயரன்று. உண்மை எது, மனத்தின் தோற்றம் எது என்று பிரித்தறியும் ஆற்றல் குலைந்துபோகும் நிலையை அது குறிக்கிறது. அருகில் யாரும் பேசாதபோதும் குரல் கேட்பது போன்ற, வெளித்தூண்டல் இல்லாமலே எழும் உணர்வு மாயப்புலனுணர்வு எனப்படும். அண்டை வீட்டார் உணவில் நஞ்சு கலக்கின்றனர் என்பது போல, எத்தனை சான்று காட்டினாலும் அசையாத உறுதி பொய்நம்பிக்கை எனப்படும். இவற்றோடு, ஒரு கருத்துக்கும் அடுத்ததற்கும் தொடர்பில்லாதபடி பேச்சும் சிந்தனையும் சிதறுவதுண்டு. நோயாளிக்கு அக்குரல் உண்மையாகவே கேட்கிறது. ஆகவே வாதாடி அவரைத் திருத்த முடியாமல் போவதற்கு அவருடைய பிடிவாதம் காரணமன்று, நோயின் இயல்பே காரணம்.

இதே அறிகுறிகள் மூளைக்காய்ச்சல், வலிப்பு, மூளைக்கட்டி, தைராய்டு கோளாறு, ஸ்டீராய்டு மருந்துகள், நெடுநாள் குடியைத் திடீரென நிறுத்துதல் ஆகியவற்றாலும் தோன்றலாம் என்பதால், மருத்துவர் முதலில் உடலையே ஆராய்கிறார். நாளும் இடமும் தெரியாத குழப்பம், ஏறி இறங்கும் நினைவுநிலை, இல்லாத உருவங்கள் கண்ணில் தெரிதல், முதுமையில் முதன்முறையாக நோய் தொடங்குதல் ஆகியவை உடற்காரணம் இருக்கக்கூடும் என்று எச்சரிக்கும் குறிகள்.

இக்காரணங்கள் எவையும் இல்லை என்று தெளிந்த பின்னரே மற்ற வகைகள் கருதப்படுகின்றன. அவற்றுள் பலரும் அறிந்த மனச்சிதைவு நோய், பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலோ இருபதுகளிலோ தொடங்கி, குரல் கேட்பதோடு ஊக்கமின்மை, உணர்ச்சி மங்கல், பிறரிடமிருந்து ஒதுங்குதல் ஆகியவற்றையும் கொண்டுவருகிறது. சிலருக்குப் பொய்நம்பிக்கை ஒன்று மட்டும் நெடுங்காலம் நீடிக்க, ஏனைய செயல்கள் பெரிதும் சீராகவே இருக்கும். இரண்டு வாரத்துக்குள் திடீரெனத் தோன்றி, சில வாரங்களிலோ மாதங்களிலோ முற்றிலும் நீங்கிவிடும் குறுகியகால வகையும் உண்டு. கடும் மனச்சோர்விலும் மிகையெழுச்சியிலும் இத்தகைய அறிகுறிகள் எழுவதுண்டு.

உடற்காரணம் இல்லை என்னும் முடிவு, இன்றுள்ள பரிசோதனைகளில் அது தென்படவில்லை என்பதையே சொல்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய மனநோய் விடுதிகளில் பலரை வாட்டிய பொதுப் பக்கவாதப் பித்து, ஒழுக்கக்கேட்டின் விளைவாகவும் மனத்தின் தளர்ச்சியாகவும் கருதப்பட்டது. 1913இல் ஆய்வாளர்கள் நோகுச்சியும் மூரும் அந்நோயாளிகளின் மூளையில் சிஃபிலிஸ் கிருமியைக் கண்டறிந்த பின், அது தொற்றுநோய் என்பது ஐயமின்றி நிறுவப்பட்டது. 2007இல் நரம்பியல் மருத்துவர் தால்மாவின் குழுவினர், மூளையின் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளை உடலின் எதிர்ப்பொருள்களே தாக்கும் நோயை விளக்கியபோது, உளப்பிறழ்வு என்று மட்டும் கருதப்பட்டிருக்கக்கூடிய இளம்பெண்கள் பலருக்கு மூளை அழற்சிக்கான சிகிச்சை கிடைக்க வழி பிறந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் நடைமுறைப்படுத்திய பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு, உடல்சாராதவை என்னும் பழைய பெயரைக் கைவிட்டு, இவற்றை முதன்மை உளப்பிறழ்வுகள் என்றே குறிப்பிடுகிறது.

மனச்சிதைவின் தோற்றத்தில் மரபுக்குப் பெரும் பங்கு உண்டு; எனினும் ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு அந்நோய் வந்தாலும் மற்றவருக்கு வராமல் போவது மிகுதி என்பதால், மரபு மட்டுமே விதியை எழுதுவதில்லை என்பது தெளிவு. கருவில் நேரும் பாதிப்பும், இளமைத் துயரும், கஞ்சாப் பழக்கமும் அதனோடு சேர்ந்து நோயின் வாய்ப்பைக் கூட்டுகின்றன. 1952இல் பாரீஸில் மனநல மருத்துவர்கள் டிலேயும் டெனிக்கரும் குளோர்புரோமசைன் மருந்தைப் பயன்படுத்திக் கண்ட பலனும், அத்தகைய மருந்துகள் டோபமைன் என்னும் வேதிப்பொருளின் செயலைத் தடுக்கின்றன என்ற பின்னாளைய அறிவும், மூளையின் இயக்கத்தில் மாற்றம் இருப்பதை உணர்த்தின.

இந்த அறிவு எட்டாத இடத்தில் நேரும் கேட்டுக்குத் தமிழ்நாட்டின் ஏர்வாடி சான்று. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கிருந்த காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப வழியின்றி 28 பேர் மாண்டனர். மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது. ஆயினும் நோயைக் குற்றமாகக் காணும் எண்ணத்தைச் சட்டத்தால் மட்டும் அகற்ற இயலாது.

ஆதலால், நண்பர் ஒருவர் திடீரென ஒதுங்கி, உறக்கம் இழந்து, பிறர் தம்மைப் பின்தொடர்வதாக அஞ்சத் தொடங்கினால், அவரை ஏளனம் செய்யாமலும், அவர் சொல்வதை மறுத்துச் சண்டையிடாமலும், அவருடைய அச்சத்தை மட்டும் ஏற்றுக்கொண்டு, குடும்பத்தாருக்குத் தெரிவித்து மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் துணைநிற்பது மாணவரின் கடமை. 14416 என்னும் அரசின் மனநல உதவி எண்ணையும் நாடலாம். சிகிச்சை தொடங்கத் தாமதமாகும் அளவுக்கு மீட்சி கடினமாகிறது என்பதும், உரிய காலத்தில் மருந்தும் குடும்பத்தின் ஆதரவும் பெற்றவர் பலர் படிப்புக்கும் பணிக்கும் திரும்புகின்றனர் என்பதும் ஐயத்துக்கு இடமில்லாத உண்மைகள்.

அன்புடன்,
கட்டுரையாளர்