நாளைக்கு ஆபரேஷனா? பிளேடைக் கையில் எடுக்காதீங்க!

குடலிறக்கம், சிசேரியன், பித்தப்பைக் கல் என எந்த அறுவை சிகிச்சைக்குத் தேதி கிடைத்தாலும், முதல் நாள் ராத்திரி வீட்டிலேயே அந்த இடத்தைச் சவரம் செய்துகொண்டு போகிறவர்கள் பலர். நர்ஸ் முன்னால் கூச்சமா இருக்கும் என்பது ஒரு காரணம். ‘முடி இருந்தா கிருமி இருக்கும்’ என்ற நம்பிக்கை இன்னொன்று. சுத்தமாகப் போகணும் என்ற எண்ணம் நல்லதுதான். ஆனால் பிளேடு அதற்கு உதவாது.

சவரம் செய்த இடத்தில் லோஷன் பட்டால் சுரீர்னு எரியுமே, ஏன்? கண்ணுக்குத் தெரியாத கீறல்கள்தான் காரணம். தோலில் எப்போதும் வாழும் பாக்டீரியா அந்தக் கீறல்களில் இறங்கி, விடியும்வரை பெருகும். மறுநாள் டாக்டர் கத்தி வைப்பதும் அதே இடத்தில்தான்.

1971-இல் வெளியான செரோபியன், ரெனால்ட்ஸ் ஆய்வில் 406 நோயாளிகளைக் கவனித்தார்கள். ரேசரால் மழித்தவர்களில் 5.6 சதவீதம் பேருக்குப் புண்ணில் தொற்று. முடியை எடுக்காதவர்கள், கிரீம் தடவி எடுத்தவர்களிடம் அது 0.6 சதவீதம்தான். நேரமும் முக்கியம்: அறுவைக்குச் சற்று முன் மழித்தால் 3.1, அதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் மழித்தால் 7.1, அதற்கும் முன்னால் என்றால் 20 சதவீதத்துக்கு மேல்!

உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்வது இதுதான்: முடியை எடுக்கவே வேண்டாம். கட்டாயம் எடுக்கணும்னா கிளிப்பர் மட்டும். கிளிப்பர் தோலைச் சுரண்டாது, முடியைக் கட்டையாக வெட்டும். கிரீம் சிலருக்கு அலர்ஜி தரும், அதனால் நீங்களாகப் பூச வேண்டாம்.

வீட்டில் சோப்பு போட்டு நன்றாகக் குளித்துவிட்டுப் போங்கள், போதும். ஆஸ்பத்திரியில் ரேசரோடு வந்தால், “சிஸ்டர், முடி எடுத்தே ஆகணுமா? கிளிப்பர் இருக்கா?” என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. ஏற்கெனவே சவரம் செய்துவிட்டீர்களா? மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிடுங்க. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தொற்று வாய்ப்பு கூடுதல், அவர்கள் கட்டாயம் சொல்லணும்.

புண்ணில் தொற்று 30 நாள் வரைகூட, அதாவது வீடு திரும்பிய பிறகும் தலைகாட்டலாம். தையல் போட்ட இடத்தைத் தினமும் போனில் படம் எடுத்து வையுங்கள், மாற்றம் தெரியும். அந்தப் படத்தைச் சொந்தக்காரங்களுக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பி களிம்பு கேட்காதீங்க! சந்தேகம் என்றால் 104-ஐ அழைக்கலாம். சிவப்பு, வீக்கம், சீழ், காய்ச்சல் இருந்தால் ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கு அன்றைக்கே போயிடுங்க.