எலி நஞ்சும் காவல் நாயும்

நெற்பயிர் கதிர் பிடிக்கும் பருவத்தில் நமது காவிரிப் பாசன வயல்களில் வரப்பெலியின் தொல்லை மிகும். அங்கத்தினர்கள் நச்சுத் தீனி வைப்பதும் அப்பொழுதே. அதைக் காவல் நாய் தின்றிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால் செய்ய வேண்டியது யாது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

"நாய் நன்றாகத்தானே இருக்கிறது, பொழுது விடியட்டும்" என்று காத்திருப்பது பெரும் பிழை. எந்த நஞ்சு என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

துத்தநாக பாஸ்பைடு: கருஞ்சாம்பல் நிறத் தூள். பொரி, அரிசி, கருவாடு முதலியவற்றுடன் கலந்து வைக்கப்படுவது. கருவாட்டின் மணத்திற்கு நாய் எளிதில் வந்துவிடும். இரைப்பையின் அமிலத்துடன் சேர்ந்து இது பாஸ்பீன் என்னும் நச்சு வாயுவாகிறது. பெரும்பாலும் கால் மணி முதல் நான்கு மணி நேரத்திற்குள் வாந்தி, மூச்சுத்திணறல், வலிப்பு ஆகியவை தோன்றும். இதற்கு மாற்று மருந்து இல்லை. பாலோ சோறோ கொடுத்தால் அமிலம் மேலும் சுரந்து வாயு பெருகும். ஆகவே தீனி எதுவும் கொடுக்கலாகாது. வாந்தியில் எழும் பூண்டு நாற்றமுள்ள வாயு மனிதருக்கும் கேடு செய்யும். நாயைத் திறந்த வெளியில் வைத்துக் காற்று வரும் பக்கமாக நிற்க. வண்டியில் கொண்டு செல்லுங்கால் சன்னல்களைத் திறந்து வைக்க.

புரோமாடியோலோன்: வில்லைகளாக விற்கப்படுவது. இரத்தம் உறைவதைத் தடுக்கும். முதல் இரண்டு மூன்று நாள் நாய் வழக்கம்போல் ஓடித்திரியும். பின்னர் ஈறு வெளுத்தல், கருநிற மலம், மூக்கில் இரத்தம், மூச்சிரைப்பு ஆகியவை காணும். இதற்கு வைட்டமின் கே1 மாற்று மருந்தாகும். ஏறக்குறைய நான்கு வாரம் கொடுக்க நேரிடும். இடையில் நிறுத்தினால் இரத்தப்போக்கு மீளும். மருந்தை நிறுத்திய இரண்டு மூன்று நாளில் இரத்தம் உறையும் நேரத்தைச் சோதித்தறிதல் அவசியம்.

உடனே செய்ய வேண்டியவை

1. எஞ்சிய தீனியை அகற்றி, நாயைக் கட்டிவைக்க.
2. உப்புக் கரைசல், எண்ணெய் முதலியன புகட்டி வாந்தியெடுக்க வைக்கலாகாது. உப்பே நஞ்சாகலாம்; எண்ணெய் நுரையீரலில் இறங்கலாம். வாந்தி வருவிப்பது மருத்துவர் பொறுப்பு.
3. நஞ்சின் உறையுடன் கால்நடை மருத்துவரிடம் விரைக. தின்ற அளவையும் நேரத்தையும் குறித்துக் கொடுக்க. தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். தஞ்சை வட்டாரத்தார்க்கு ஒரத்தநாட்டில் 2012இல் தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரியும் உண்டு.

வருமுன் காத்தல்

நச்சுத் தீனியை வளைக்குள் இட்டு மண்ணால் மூடுக. அந்நாட்களில் நாயை வயலுக்கு அவிழ்த்துவிடலாகாது. இறந்த எலிகளைப் பொறுக்கி ஆழப் புதைக்க. அவற்றைத் தின்றும் நாய்க்கு நஞ்சேறும். வரப்புகளைக் குறுக அமைத்தால் வளை குறையும். நம் முன்னோர் கையாண்ட, மூங்கிலாலான தஞ்சாவூர்க் கிட்டிக்கு நஞ்சே வேண்டுவதில்லை. நஞ்சு வைத்தேயாக வேண்டுமெனில், அதன் உறையை அறுவடை முடியும்வரை எறியாது பத்திரப்படுத்துக.