மினி டிராக்டரில் ஹைட்ராலிக் ஆயில் ஒழுகுதா? கை வைக்கும் முன் படியுங்கள்

காலையில் ஷெட்டைத் திறந்தால் டிராக்டருக்கு அடியில் ஆயில் திட்டு. நேற்று ரொட்டவேட்டரைத் தூக்க லிஃப்ட் திணறியது அப்போதுதான் நினைவுக்கு வரும். வினாடிக்கு ஒரு சொட்டு என்றாலே ஒரு நாளில் 4 லிட்டர் போய்விடும். இன்றே பாருங்கள், ஆனால் உழவு தள்ளிப்போகிறதே என்று பதறாமல்.

செய்ய வேண்டியவை

• கருவியைத் தரையில் இறக்குங்கள், எஞ்சினை நிறுத்துங்கள், சாவியைப் பையில் போடுங்கள். பிறகு ஹைட்ராலிக் லீவர்களை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். எஞ்சின் நின்றாலும் ஹோஸுக்குள் பிரஷர் தங்கியிருக்கும்.

• எந்த ஆயில் என்று பாருங்கள். எஞ்சின் ஆயில் கறுத்திருக்கும், டீசலை வாசனை காட்டிக்கொடுக்கும், ஹைட்ராலிக் ஆயில் பெரும்பாலும் தேன் நிறம். பால் டீ மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. லீக்கை அடைத்தாலும் மொத்த ஆயிலையும் மாற்றியாக வேண்டும்.

• கழுவிக் காயவிட்டு டால்கம் பவுடர் தூவுங்கள். பிடிஓ போடாமல் ஐந்து நிமிடம் ஓட்டி, நிறுத்திப் பாருங்கள். சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. நனைந்த இடங்களில் ஆக மேலே இருப்பதில் தேடத் தொடங்குங்கள்.

• பிரீதரை (ஆயில் அறைக்குள் காற்று போய்வரும் துளை) சுத்தம் செய்யுங்கள். அது சேறு அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீலும் கசியும். பிடிஓ ஆயில் சீலை ஒரே போகத்தில் மூன்று முறை மாற்றிய ஒருவர், பிரீதர் எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்டார்!

• பழைய ஹோஸைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். நீளம், நட்டு, மேலே அச்சடித்த பிரஷர் எண் மூன்றும் பொருந்த வேண்டும்.

• கழற்றிய ஓ-ரிங், காப்பர் வாஷருக்குப் பதில் புதியதைப் போடுங்கள். நசுங்கியது மறுபடி உட்காராது.

• வெளியே சொட்டே இல்லாமல் தூக்கிய கருவி தானாக இறங்குகிறதா? லிஃப்ட் சிலிண்டர் ஓ-ரிங்கோ வால்வோ போயிருக்கலாம். மெக்கானிக்கிடம் விடுங்கள்.

செய்யக்கூடாதவை

• ஓடும் வண்டியில் லீக்கை விரலால் தேடாதீர்கள். லாரி டயரில் சுமார் 8 பார்; ஹைட்ராலிக் லைனில் 150 பார் சர்வசாதாரணம். ஊசித்துளையில் பீறிடும் ஆயில் கண்ணுக்கே தெரியாது, கையுறையையும் துளைத்துத் தோலுக்குள் போய்விடும். நீளமான அட்டையைக் காட்டித் தேடுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு. குத்திவிட்டால் முள் தைத்தது போலத்தான் இருக்கும், முதலில் வலிகூட அதிகம் தெரியாது. மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு வேலையைப் பார்க்காதீர்கள். அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு அந்த நிமிடமே போய், பிரஷரில் ஆயில் ஏறியது என்று சொல்லுங்கள். தாமதத்தில் விரல் போகும், கையே போகும்.

• தூக்கி நிற்கும் கருவிக்கு அடியில் படுக்காதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பவும் வேண்டாம். கனமான மரக்கட்டை கொடுங்கள்.

• ஓ-ரிங் ஜாயின்ட்டில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். அங்கே ஆயிலைத் தடுப்பது மரை இல்லை. பிய்ந்த டேப் வால்வில் போய்ச் சிக்கும்.

• ஒழுகுகிறதே என்று இன்னொரு சுற்று முறுக்காதீர்கள். மரை போனால் வாஷரோடு முடிய வேண்டிய செலவு பம்ப் வரை போகும்.

• கையில் கிடைத்த ஆயிலை ஊற்றாதீர்கள். பல வண்டிகளில் கியர், லிஃப்ட், பிரேக் மூன்றுக்கும் ஒரே ஆயில்; தப்பானது போனால் பிரேக் அலறும். மேனுவலில் போட்ட கிரேடே வேண்டும்.

• வடித்த ஆயிலை வாய்க்காலில் விடாதீர்கள். கேனில் பிடித்துப் பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுங்கள்.

• கருவி தூக்கியிருக்கும்போது டிப்ஸ்டிக் பார்க்காதீர்கள். கொஞ்சம் ஆயில் சிலிண்டரில் இருப்பதால் அளவு குறைவாகக் காட்டும். அதை நம்பி ஊற்றினால், நாளைக் காலை பிரீதர் வழியாக மறுபடியும் ஆயில் திட்டு.