இறகு பருத்தி அல்ல

பெரம்பலூர்க்காரருக்குப் பருத்தியைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம். சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது. வில் பழகுகிறவர்கள் சொந்தமாக அம்பு கட்ட நினைக்கிறார்கள், வான்கோழி இறகு கிடைக்கிறது, அதற்கு நிறம் ஏற்றத் துணிச்சாயத்தைக் கரைக்கிறார்கள். நூலுக்குப் போடுவதுபோல் உப்பும் சலவைச் சோடாவும் போட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். இறகு சுருண்டு வெளியே வருகிறது. “வான்கோழி இறகு சாயம் ஏற்காது” என்ற நம்பிக்கை இப்படித்தான் பிறக்கிறது.

அது உண்மையல்ல. பருத்தி செடியின் நார், அதாவது செல்லுலோஸ். இறகு கெரட்டின் என்னும் புரதம். நம் நகமும் முடியும் அதே வகை. பருத்திக்கான ரியாக்டிவ் சாயம் நூலைப் பற்றிக்கொள்ளக் காரம் தேவை. சோடா போடுவது அதற்காகத்தான். அந்தக் காரமும் சூடும் சேர்ந்தால் கெரட்டின் அரிபடும். இறகின் இழைகளில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் உண்டு. பக்கத்து இழையை அவை கோத்துப் பிடித்திருப்பதால்தான் இறகு ஒரே தகடுபோல் நிற்கிறது. கொக்கி கெட்டால் இறகு பிரிந்து தொங்கும், அம்பை நேராக்காது.

வழி நம் பக்கத்திலேயே இருக்கிறது. ஜெயங்கொண்டத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பட்டு நெய்கிறார்கள். பட்டும் புரதம்தான். பட்டுக்கும் கம்பளிக்கும் ஏற்ற அமிலச் சாயமே இறகுக்கும் ஏற்றது. சோடாவுக்குப் பதில் வினிகர். சாயம் போடுவதற்கு முன் பாத்திரம் கழுவும் சோப்பு சில சொட்டு விட்ட வெதுவெதுப்பான நீரில் இறகுகளை அரைமணி நேரமாவது ஊறவைத்து அலச வேண்டும். வான்கோழி தன் வால்புறச் சுரப்பியின் எண்ணெயைக் கோதிக் கோதி இறகில் பூசிவைத்திருக்கும். அது போகாவிட்டால் நிறம் திட்டுத்திட்டாக ஏறும். சாயநீர் கொதிக்கக் கூடாது. ஆவி பறக்கிற சூடு, 60 முதல் 70 டிகிரி, போதும். நினைத்த நிறத்தைவிட ஒரு படி அடர்த்தியாக எடுங்கள், உலர்ந்ததும் வெளிறும். நிழலில், செய்தித்தாள் மேல் உலர்த்துங்கள். இழைகள் கலைந்திருந்தால் கொதிக்கும் கெண்டியின் ஆவியில் சில நொடிகள் காட்டி விரலால் நீவிவிட்டால் மீண்டும் கோத்துக்கொள்ளும். மீந்த சாயநீர் ஏரிக்கும் கிணற்றுக்கும் போகவே கூடாது.

“சமையல் கலர் நிற்காது” என்பது இன்னொரு நம்பிக்கை. நிற்கும். கேசரிக்குப் போடும் சன்செட் எல்லோ, டார்ட்ரசின் போன்றவையும் அமிலச் சாயங்களே. வினிகரும் சூடும் இருந்தால் இறகைப் பிடித்துக்கொள்ளும். வெயிலில் மட்டும் கொஞ்சம் சீக்கிரம் வெளுக்கும்.

மஞ்சளைப் பற்றி எல்லோரும் பெரிதாக நம்புகிறார்கள். மஞ்சள் இறகில் அழகாகத்தான் ஏறுகிறது, ஆனால் வெயில் தாங்காது. சோப்பு பட்டால் சிவக்கவும் செய்யும். சுண்ணாம்பு சேர்த்து ஆரத்தி கரைத்தவர்களுக்கு இது புதிதல்ல. இயற்கைச் சாயம்தான் வேண்டுமென்றால் மருதாணியிடம் போங்கள். நம் உள்ளங்கையின் தோலைப் பிடிக்கும் அதே நிறமி இறகின் கெரட்டினையும் பிடிக்கும். செம்பழுப்பு, எளிதில் போகாது.

எந்த இறகும் எந்த நிறமும் ஆகும் என்பதும் தவறு. சாயம் உள்ள நிறத்தின் மேல்தான் ஏறும். பளிச்சென்ற மஞ்சளோ ஆரஞ்சோ வேண்டுமென்றால் பெல்ட்ஸ்வில் போன்ற வெள்ளை இன வான்கோழியின் இறகு வேண்டும். கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட இறகில் பட்டை அப்படியே தெரியும். எனக்கு அதுதான் பிடிக்கும். வெளுக்கிறேன் என்று ரசாயனத்தில் ஊறவைத்து இறகைப் பாழாக்குவதைவிடப் பட்டையோடு விடுவது மேல்.

நிறம் அம்பை வேகமாக்காது. சாயத்தின் பயன் இரண்டு. மூன்று இறகில் ஒன்று வேறு நிறமாக இருந்தால் நாணில் எந்தப் பக்கம் வைப்பது என்று உடனே தெரியும். அடுத்தது, இலக்கு தவறிய அம்பு கண்ணில் படும். காய்ந்த புல்லில் பழுப்பு இறகைத் தேடியவர்களுக்கு அந்த அருமை புரியும். சாயம் மழையையும் தடுக்காது. சோப்பில் எண்ணெய் போய்விட்டதால் ஐப்பசி மழையில் இறகு இன்னும் சீக்கிரமாகப் படுத்துவிடும்.

சோழர் அம்பிலும் வான்கோழி இறகு இருந்தது என்று சொல்பவர்களும் உண்டு. கங்கைகொண்ட சோழபுரம் நம் அரியலூர் மாவட்டத்தில் இருப்பதால் இந்தப் பேச்சு இனிக்கிறது. சோழர் படையில் ‘வில்லிகள்’ என்ற பிரிவுகள் இருந்ததற்குக் கல்வெட்டுச் சான்று உண்டு. ஆனால் வான்கோழி அமெரிக்கக் கண்டத்துப் பறவை, கொலம்பஸின் 1492 பயணத்துக்குப் பிறகே கடல் கடந்தது. கோவாவிலிருந்து வந்த ஒரு வான்கோழியை 1612-இல் முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் வியந்து பார்த்து, தம் ஓவியர் மன்சூரைக் கொண்டு ஓவியமாகத் தீட்ட வைத்தார். ராஜேந்திர சோழன் கங்கைகொண்ட சோழபுரத்தில் தலைநகர் அமைத்துச் சுமார் 600 ஆண்டுகள் கழித்தும் பேரரசருக்கே அது புதுப் பறவை. மூதுரையில் வான்கோழி வருகிறதே என்று கேட்கலாம். அந்நூல் கொலம்பஸுக்கு முந்தியது என்று கொண்டால், அதில் வருவது நாம் இன்று வளர்க்கும் பறவையாக இருக்க முடியாது. அந்தக் காலத்து அம்புக்குக் கழுகு, நாரை, மயில் போன்றவற்றின் இறகுகளையே வடமொழி வில்நூல்கள் பேசுகின்றன.

அதனால் இன்றும் அவற்றைப் பொறுக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தானாக உதிர்ந்த மயில் தோகைக்குத்தான் விலக்கு தருகிறது. அம்புக்கு உதவுவதோ மயிலின் சிறகு இறகு. 2024-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த கரைவெட்டி ஏரிக்குப் போனால் பறவைகளைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புங்கள். வான்கோழி வீட்டில் வளர்க்கும் பறவை, அதில் தடையில்லை.

எடுக்க வேண்டியது விசிறி வாலை அல்ல, சிறகின் விறைப்பான நீள இறகுகளை. ஒரு சிறகில் 10 இருக்கும். வலக்கைக்காரருக்கு வலச்சிறகுதான் வேண்டும் என்பது வெறும் பேச்சு. இரண்டில் எதுவும் ஆகும். ஆனால் ஒரே அம்பில் இரண்டையும் கலக்கக் கூடாது. வளைவு எதிரெதிராக இருப்பதால் அம்பு சீராகச் சுழலாது. ஆகவே வான்கோழி அறுக்கும் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: கொதிநீரில் முக்குவதற்கு முன் சிறகுகளை வெட்டி, இடதை ஒரு பையிலும் வலதை ஒரு பையிலும் போட்டுத் தரச் சொல்லுங்கள்.