ண, ந, ன: எங்கே எது வரும்?

நான்காம், ஐந்தாம் வகுப்பில் படிக்கும் நம் பிள்ளைகளின் தமிழ் நோட்டைப் பெற்றோர் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டுகிறோம். 'வன்டி', 'பன்து', 'கண்று' என்று பக்கமெங்கும் சிவப்பு மை இருக்கும். தவறிய சொல்லைப் பத்துத் தடவை எழுதச் சொல்வது வழக்கம். பிள்ளையும் எழுதும், அடுத்த வாரம் டிக்டேஷனில் மறுபடி 'வன்டி' வந்து நிற்கும். எழுத்துக்குப் பயந்த பிள்ளைதான் எட்டாம் வகுப்பில் "படிப்பு வரல" என்று சொல்லிவிட்டுப் பனியன் கம்பெனியில் கைமடி வேலைக்குப் போகிறது.

'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022-இல் முதல் மூன்று வகுப்புகளுக்கும், அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும் வந்தது. ஆனாலும் வீட்டில் செய்ய வேண்டியது வீட்டில்தான் நடக்க வேண்டும்.

மூன்று சுழி, இரண்டு சுழி என்று சொல்லித்தருவதில் எழுத்தின் உருவம் மட்டுமே தெரியும். பெரியவர்கள் வைத்த பெயரைப் பாருங்கள்: டண்ணகரம், தந்நகரம், றன்னகரம். பெயரிலேயே விடை இருக்கிறது. ட-வுக்கு முன் ண்: வண்டி, நண்டு, சுண்டல். த-வுக்கு முன் ந்: பந்து, சந்தை, மருந்து. ற-வுக்கு முன் ன்: கன்று, நன்றி, மூன்று. (நூல் 'கவுன்ட்' போன்ற ஆங்கிலச் சொற்களை இரு விதமாகவும் எழுதுகிறார்கள், அதற்காகப் பிள்ளையைத் திட்ட வேண்டாம்.)

இதை விதியாக ஒப்பிக்க வைக்காதீர்கள். பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு ண், ந், ன் வரும் சொற்களைப் பென்சிலால் கோடிட்டு, மூன்று வரிசையாகப் பிரித்து எழுதட்டும். "அடுத்த எழுத்து என்ன?" என்று மட்டும் கேளுங்கள். சட்டத்தைப் பிள்ளையே சொல்லிவிடும்.

மக்தபில் இதைவிட நுட்பமானதை அவர்கள் செய்கிறார்கள். ஸுகூன் பெற்ற நூனுக்குப் பின் 'பா' வந்தால் நூனை மீமாக மாற்றி ஓதும் இக்லாப் சட்டத்தை, அந்த இடம் வரும்போதெல்லாம் ஹஜ்ரத் விரல் வைத்துக் காட்டுகிறார். ஓதி ஓதியே பழகுகிறது. பக்கத்து எழுத்தைப் பார்த்து முடிவெடுக்கும் அந்தப் பழக்கம் தமிழுக்கும் உதவும்.

இன்னொன்று, பெரியவர்களுக்கும் சேர்த்து. ற், ட் இரண்டுக்கும் பின் இன்னொரு புள்ளி எழுத்து வராது. முயற்சி, பயிற்சி, அதற்கு, நட்பு, கட்சி என்பதே சரி. 'மொத்த விற்ப்பனை' என்று பெயர்ப்பலகை வைத்திருக்கும் கடைக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். விற்பனை என்றாலே சரக்குப் போகும். ய், ர், ழ் மூன்றுக்கும் பின் அப்படி வரலாம்: வாய்ப்பு, வளர்ச்சி, மகிழ்ச்சி.

ல, ள, ழ-வுக்கு இப்படிக் குறுக்குவழி குறைவு. பழத்தைப் 'பளம்' என்று பேசும் வீட்டில் பிள்ளை காதை நம்பி எழுத முடியாது. கண்தான் பழக வேண்டும். அதற்கு வாசிப்பைத் தவிர வேறு வழி தெரியவில்லை. அன்பு, நண்பன் இரண்டிலும் ப-வுக்கு முன் வெவ்வேறு எழுத்து வருவதும் அப்படியே.

ஷிப்ட் முடிந்து வரும் தாய்மார்களுக்கு நேரம் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். சோறு கொதிக்கும் கால் மணி நேரம் போதும். பிள்ளை ஒரு பக்கம் வாசிக்கட்டும், நீங்கள் காது கொடுங்கள். உங்களுக்குத் தமிழ் வாசிக்க வராவிட்டாலும், உருது பேசும் வீடானாலும், இதைச் செய்யலாம். மாலை வகுப்புக்கு அனுப்பும்போது நோட்டோடு தமிழ்ப் பாடப்புத்தகத்தையும் பையில் வைத்து அனுப்புங்கள்.