சஸ்பெண்ட் ஆணையும் எல்லை தாண்டி வரும் அறிவுரையும்

பாகூரிலிருந்து கொஞ்ச தூரம் போனால் கடலூர் மாவட்டம். வில்லியனூரைத் தாண்டிக் கண்டமங்கலம் வந்துவிட்டால் விழுப்புரம் மாவட்டம். பெண் கொடுப்பதும் எடுப்பதும் இரண்டு பக்கமும்தான். அதனால் நம் புதுச்சேரிக் கொம்யூன்களில் ஒருவருக்கு சஸ்பெண்ட் ஆணை வந்தால், தமிழ்நாட்டு அரசு வேலையில் இருக்கும் மாமாவோ மச்சானோ ஆறுதல் சொல்ல ஓடி வருகிறார். அவர் அக்கறையில் குறை இல்லை. ஆனால் அவர் சொல்லும் விதி எல்லைக்கு அந்தப் பக்கத்து விதி. அங்கே பெரிய தண்டனைக்கான ‘17பி’ மெமோ என்றால் அலுவலகமே அதிரும். புதுச்சேரி அரசு ஊழியருக்குப் பொருந்துவது 1965ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணி ஒழுங்கு நடவடிக்கை விதிகள். இங்கே பெரிய தண்டனைக்கான சார்ஜ் மெமோ விதி 14-இன் கீழ் வரும். சிறிய தண்டனைக்கானது விதி 16-இன் கீழ்.

“சஸ்பெண்ட் ஆனாலே பாதி டிஸ்மிஸ் ஆன மாதிரிதான்.”

இல்லை. விதி 11 தண்டனைகளை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறது. அந்தப் பட்டியலில் சஸ்பெண்ட் கிடையாது. விசாரணை நடக்கும்வரை ஒருவரை நாற்காலியிலிருந்து தள்ளி வைப்பதுதான் அது. காவலில் 48 மணி நேரத்துக்கு மேல் இருந்தால், குற்றம் செய்தாரா இல்லையா என்று யாரும் பார்ப்பதற்கு முன்பே சஸ்பெண்ட் ஆனதாகக் கருதப்படுவார். இதை வைத்துக் குற்றவாளி என்று முத்திரை குத்துவது பெரிய அநியாயம்.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. பெரிய தண்டனைக்காகத் தொடங்கிய விசாரணை கடைசியில் சிறிய தண்டனையோடு முடிந்தால், அந்த சஸ்பெண்டே நியாயமற்றது என்று கருதி முழுச் சம்பளம் தர வேண்டும். 1985 டிசம்பரிலேயே மத்திய அரசு இதைத் தெளிவாக்கிவிட்டது.

“மூணு மாசம் பொறு, தானா செல்லாமப் போயிடும்.”

பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. 2015இல் அஜய்குமார் சவுத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம், மூன்று மாதத்துக்குள் சார்ஜ் மெமோ தரவில்லை என்றால் சஸ்பெண்டை நீட்டக் கூடாது என்றது. அதைக் கையில் வைத்துக்கொண்டு பலர் காத்திருந்தார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2022இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில், மூன்று மாதம் கடந்ததாலேயே சஸ்பெண்ட் தானாக ரத்தாகிவிடாது என்று சொல்லிவிட்டது.

புதுச்சேரி அரசு ஊழியருக்கோ விதியிலேயே ஒரு பிடி இருக்கிறது. விதி 10-இன்படி 90 நாள் முடிவதற்குள் மறுஆய்வுக் குழு கூடி, நீட்டிப்பு ஆணை பிறப்பிக்க வேண்டும். ஒரு தடவைக்கு 180 நாளுக்கு மேல் நீட்ட முடியாது. நாள் தவறினால் சஸ்பெண்ட் செல்லாது. பிறகு கூடி நீட்டினாலும் உயிர் வராது. தீபக் மாலி வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது இது. காவலில் இருந்தவருக்கு மட்டும் நாள் கணக்கு வேறு. ஆகவே 85ஆம் நாளிலிருந்தே நீட்டிப்பு ஆணை வந்ததா, என்ன தேதியிட்டது என்று கவனியுங்கள்.

“சஸ்பெண்ட்ல இருக்கறவனுக்கு காசு எங்க வரும்?”

வர வேண்டும். சஸ்பெண்ட் காலத்தில் தரும் பிழைப்பூதியம் கருணைக் கொடை அல்ல. அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாய் என்றால் 20,000 ரூபாயும் அதற்குரிய அகவிலைப்படியும் முதல் மூன்று மாதம். பிறகு தாமதத்துக்கு ஊழியர் காரணமில்லை என்றால் அந்த 20,000-ஐ 30,000 வரை உயர்த்தலாம். அவரே இழுத்தடித்தால் 10,000 வரை குறைக்கலாம். உயர்த்தச் சொல்லி மூன்றாம் மாத முடிவில் மனு எழுதுங்கள். கேட்காமல் கோப்பு நகராது.

வேறு வேலையோ தொழிலோ செய்யவில்லை என்ற சான்றை மாதாமாதம் தர வேண்டும். மச்சான் பெயரில் கடை போட்டு உட்கார்ந்தால் அது தனிக் குற்றச்சாட்டாகிவிடும். பிடித்தத்தையும் பாருங்கள். அரசிடம் வாங்கிய கடன், வருமான வரி பிடிக்கலாம். கூட்டுறவுச் சங்கக் கடனை நீங்கள் எழுதிக் கொடுத்தால்தான் பிடிக்கலாம். ஜிபிஎஃப் சந்தா பிடிக்கவே கூடாது.

இந்தப் பணம் வராமல் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கோலார் தங்கவயல் சாட்சி. பாரத் கோல்ட் மைன்ஸ் நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் வீட்டில் 1985இல் போலீஸ் சோதனை நடந்தது. தங்கம் கிடைத்ததாகச் சொல்லி சஸ்பெண்ட் செய்தார்கள். பிழைப்பூதியம் தரவில்லை. கேரளத்தில் சொந்த ஊரில் இருந்தவர், விசாரணைக்கு வரக் கைக்காசு இல்லை என்றார். அவர் இல்லாமலே விசாரணையை முடித்து 1986இல் டிஸ்மிஸ் செய்தார்கள். அடுத்த ஆண்டே குற்றவியல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. உச்ச நீதிமன்றம் சம்பள பாக்கியோடு வேலையைத் திருப்பித் தந்தபோது 1999 ஆகிவிட்டது. பிழைப்புக்குப் பணம் தராமல் நடத்தும் விசாரணை, வாழும் உரிமையையே மறுப்பது என்றது அந்தத் தீர்ப்பு. நியாயம் கிடைத்தது, பதினான்கு வருடம் கழித்து.

“ஆறு மாசம் போனா முழுச் சம்பளம்.”

சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் பையன்களிடம் இப்படிச் சொல்லப்படுவதுண்டு. 180 நாளுக்குப் பிறகு முழுச் சம்பளம் என்பது தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டம். அது புதுச்சேரியில் செல்லாது. நிலையாணைகள் உள்ள பெரிய ஆலைகளுக்கு மத்தியச் சட்டம்: முதல் 90 நாள் பாதி, பிறகு தாமதம் தொழிலாளியால் இல்லை என்றால் முக்கால். நிலையாணையோ ஒப்பந்தமோ எதுவும் இல்லாத சின்னப் பட்டறை முதலாளி, “கேட் உள்ளே வராதே, சம்பளமும் கிடையாது” என்று சொல்ல முடியுமா? முடியாது. சம்பளத்தை நிறுத்தி சஸ்பெண்ட் செய்ய எழுத்தில் அதிகாரம் இல்லாதவர், வேலை கொடுக்காவிட்டாலும் முழுக் கூலி தர வேண்டும். டெல்லி இம்பீரியல் ஓட்டல் வழக்கில் 1959இல் வந்த தீர்ப்பு இதைச் சொல்கிறது.

“விசாரணைக்குப் போகாதே, வெளியே தலையும் காட்டாதே.”

எல்லாவற்றிலும் கெட்ட அறிவுரை இதுதான். நீங்கள் போகாவிட்டாலும் விசாரணை நடக்கும், ஒருதலையாக முடியும். நீங்கள் அரசு ஊழியர் என்றால், உங்களுக்குத் துணையாக இன்னொரு அரசு ஊழியரையோ ஓய்வு பெற்றவரையோ அழைத்துப் போகலாம். விதி 14 அறிந்த ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர் ஒருவர் கிடைத்தால் அது பெரிய பலம். சொல்லாமல் தலைமையிடத்தை விட்டுப் போகாதீர்கள். காது குத்து, கல்யாணம் என்றாலும் எழுதி அனுமதி வாங்குங்கள்.

வீட்டுக்குள் முடங்குவது உடம்பையும் தின்றுவிடும். டீக்கடையில் நாலு பேர் பார்வை குத்தத்தான் செய்யும். அதற்காகக் காலை எட்டு மணிக்குக் குளித்துக் கிளம்பிய மனிதர் நாள் முழுக்க லுங்கியோடு கட்டிலில் கிடந்தால், சார்ஜ் மெமோவுக்குப் பதில் எழுதத் தெம்பு எங்கிருந்து வரும்? பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம். பள்ளியில் வேறு யாரோ சொல்லி அவர்கள் தெரிந்துகொள்வதைவிட நீங்கள் சொல்வது மேல். தூக்கம் போய்விட்டால், வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றினால், அன்றைக்கே 14416-க்குப் பேசுங்கள். டெலிமானஸ் அது, இலவசம், தமிழில் பேசலாம். ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. வழக்குச் செலவுக்கு வழியில்லையா? பெண்கள், பட்டியல் இனத்தவர், ஆலைத் தொழிலாளர் ஆகியோருக்குச் சட்ட உதவி இலவசம், எண் 15100.

அரசு ஊழியர் சஸ்பெண்ட் ஆணையை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 45 நாள்தான் இருக்கிறது. ஆணை கைக்கு வந்த தேதியை அதன் ஓரத்திலேயே எழுதி வையுங்கள்.